ஈரப் புல்லில் ஓடும் மெஷின்

மனிஷாவுக்கு அன்று பள்ளி விடுமுறை. அம்மா ரேணுகாவோடும் அன்னக்கிளி பெரியம்மாவோடும் பஸ் ஏறிக் குன்னூர் பஜாருக்குப் போனாள். புல் வெட்டும் மெஷின் வாங்கத்தான்!

அம்மாவும் பெரியம்மாவும் ஏழு வருடமாகப் பங்களாத் தோட்டங்களில் குனிந்து உட்கார்ந்து, கத்தியால் புல் வெட்டுகிறவர்கள். போன வாரம் அவர்கள் புல் வெட்டும் விடுதியின் மேனேஜர் மாரிச்சாமி சொல்லிவிட்டார்: "திங்கக்கிழமை நிறைய விருந்தாளிங்க வர்றாங்க. அதுக்குள்ள சொந்த மெஷினோட வந்து வெட்டிக் காட்டுங்க. வருஷம் பூரா வேலை உங்களுக்குத்தான். இல்லேன்னா வெளியூர் கம்பெனிக்குக் குடுத்துருவேன்."

இருவரும் சேர்த்து வைத்திருந்தது நாற்பதாயிரம் ரூபாய். அதற்குள் வாங்கியாக வேண்டும்.

கடைக்காரர் தரணிதரன் வெள்ளை வேட்டியைச் சரிசெய்தபடி எழுந்து வந்தார்.

"வாங்க, வாங்க. ஏனுங்க, வீட்டுக்காரர் வரலீங்களா?"

"மெஷினை ஓட்டப்போறது நாங்கதாங்க," என்றார் அம்மா.

தரணிதரன் கொஞ்சம் விழித்தார். பிறகு வாசலில் பளபளவென்று நின்ற சிவப்பு மெஷினைத் தட்டிக் காட்டினார். "அப்ப இதைப் பாருங்க. தள்ளவே வேண்டாம், தானா ஓடும். விலை கொஞ்சம் கூட. மீதியைத் தவணையில கட்டிக்கலாம்."

பெரியம்மாவின் கண்கள் விரிந்தன. "ரேணுகா, கார் மாதிரியில்ல இருக்கு!"

மனிஷா சிவப்பு மெஷினைப் பார்க்கவில்லை. விடுதியின் படிகளை மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். விடுமுறை நாள்களில் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய், அந்தப் படிகளில் எத்தனையோ முறை மூச்சு வாங்கியிருக்கிறாள்.

"அம்மா, விடுதிக்கு இருபத்து மூணு படி இருக்கே. இதைத் தூக்க முடியுமா?"

அம்மாவும் பெரியம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். மெஷின் அசையவில்லை. தரணிதரனும் வந்து கை கொடுத்தார். ஒரு சாண் எழும்பியது. அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"அப்ப லேசானது தர்றேனுங்க," என்று மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு மஞ்சள் மெஷினைக் காட்டினார். அதைப் பெரியம்மா ஒற்றைக் கையால் தூக்கிவிட்டார். விலையும் பாதிதான்.

"இதையே எடுத்துக்கலாமா?" என்றார் அம்மா.

மனிஷா அதைக் குனிந்து பார்த்தாள். அடிப்பகுதி முழுவதும் பிளாஸ்டிக். "இது தினமும் ஓடுமாங்க? கல்லு பட்டா உடையாதா?"

தரணிதரன் தலையைச் சொறிந்தார். "வீட்டு வாசல்ல வாரம் ஒருக்கா வெட்ட நல்லா இருக்கும். தினம் ஓட்டுனா தாங்காதுங்க."

அப்போதுதான் மூலையில் நின்ற பச்சை மெஷின் மனிஷாவின் கண்ணில் பட்டது. மேலே பெயின்ட் உரிந்திருந்தது. தட்டிப் பார்த்தாள். இரும்புச் சத்தம்.

"அது ஆளுங்களுக்கு ஓட்டிக் காட்ட வச்சிருந்ததுங்க. இன்ஜின் நல்ல இன்ஜின், தொழிலுக்குன்னே செஞ்சது. பெயின்ட் போனதால யாரும் எடுக்கல. முப்பத்தெட்டுக்குத் தந்துர்றேன்."

அம்மாவும் பெரியம்மாவும் தூக்கிப் பார்த்தார்கள். கனம்தான், ஆனாலும் இருவரால் முடிந்தது. கைப்பிடி மட்டும் பெரியம்மாவின் நெஞ்சுக்கு வந்தது. அவர் குள்ளம்.

"இதை இறக்க முடியுமாங்க? பெரியம்மாவுக்குத் தோள் வலிக்குமே," என்றாள் மனிஷா.

தரணிதரன் இரண்டு திருகாணிகளைத் தளர்த்தி, கைப்பிடியை இறக்கினார். பெரியம்மா பிடித்துப் பார்த்துவிட்டு, "இப்ப சரி தங்கம்," என்று சிரித்தார்.

"ஓட்டிப் பாத்துட்டு வாங்கிக்கறோங்க," என்றாள் மனிஷா.

"இப்பத்தான் மழை விட்டிருக்குது பாப்பா. புல்லெல்லாம் ஈரம்."

"எங்க ஊருல புல்லு என்னைக்குங்க காஞ்சிருக்கு?"

தரணிதரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்குப் பின்னால் ஒரு சரிவு இருந்தது. அங்கே முழங்கால் உயரப் புல். அம்மா மெஷினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார். மெஷின் உறுமியது. பத்தடி போனதும் திணறி நின்றுவிட்டது. மறுபடி இழுத்தார், மறுபடியும் நின்றது.

அம்மாவின் முகம் வாடிப்போனது. "நமக்கு மெஷின் எல்லாம் சரிப்படாது போல."

 மனிஷா மெஷினைச் சுற்றி நடந்து பார்த்தாள். வெட்டிய புல் சேர்வதற்காகப் பின்னால் மாட்டியிருந்த பையின் வாயில் ஈரப் புல் உருண்டையாக அடைத்துக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் ஒரு மூடி இருந்தது.

"இந்த மூடி எதுக்குங்க? இது வழியா புல்லை வெளிய விட முடியாதா?"

தரணிதரன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட, ஆமாம்! ஈரத்துக்குப் பையை மாட்டக் கூடாது. நானே மறந்துட்டேன் பாருங்க." பையைக் கழற்றினார். அடைப்பை எடுத்தார். பக்க மூடியைத் திறந்து வைத்தார். "மேலயும் கீழயும் தள்ளாதீங்க. சரிவுக்குக் குறுக்கால ஓட்டுங்க."

அம்மா மறுபடி கயிற்றை இழுத்தார். மெஷின் திணறாமல் ஓடியது. வெட்டிய புல் பக்கவாட்டில் சிதறித் தெறித்தது. பெருமையாக நின்று பார்த்த தரணிதரனின் வேட்டி முழுவதும் பச்சையாகிவிட்டது. பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அம்மா எதையும் கவனிக்கவில்லை. சரிவின் கடைசி வரை நிமிர்ந்தே நடந்து போனார்.

புல் வெட்டும்போது அம்மா நிமிர்ந்து நின்று மனிஷா பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் பெரியம்மாவும் வாங்கி வந்த பச்சை மெஷினை விடுதிப் படிகளில் தூக்கிக்கொண்டு போனார்கள். மதியத்துக்குள் விடுதியின் புல்வெளி வெட்டி முடிந்தது. மேனேஜர் மாரிச்சாமி நாலு பக்கமும் நடந்து பார்த்தார். குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை.

"அடுத்த வாரம் இதே நேரத்துக்கு வந்துருங்க," என்றார்.

பக்கத்துப் பங்களாவில் இருக்கும் ஆஷ்லி சார் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, நல்லா வெட்டுதே! எனக்கும் ஒரு மெஷின் வேணும். எதை வாங்கறதுன்னு தெரியல. கொஞ்சம் பாத்துச் சொல்ல முடியுமா?"

"அதுக்கு நாங்க இல்லீங்க. எங்க மனிஷாவைக் கேக்கணும்," என்றார் அம்மா. சொல்லும்போது அவர் குரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகவே இருந்தது.

மனிஷா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, டாக்டர் மாதிரி வேலியருகே நடந்து போனாள்.

"முதல்ல உங்க புல்லைக் காட்டுங்க சார்," என்றாள்.