ஜோஸ்லின் இல்லை, லிகாயா

லிகாயாவைப் பள்ளியில் யாரும் லிகாயா என்று கூப்பிடுவதில்லை.

"ஏய் ஜோஸ்லின்! உங்கப்பா வண்டி வந்தாச்சு!" என்பான் அவள் வகுப்புத் தோழன் டனிலோ. எல்லோரும் சிரிப்பார்கள்.

தப்பு அவள் அப்பா ஆள் ஏற்றி ஓட்டும் ஜீப்னி வண்டியின் மேல்தான். ஊரில் ஜீப்னி ஓட்டும் எந்த அப்பாவும் வண்டியின் நெற்றியில் தன் பிள்ளைகளின் பெயரைத்தான் எழுதுவார். லிகாயாவின் அப்பா நெஸ்தோர் வாங்கியது வேறொருவர் ஓட்டிய பழைய வண்டி. அதன் நெற்றியில் 'ரோமெல், ஜோஸ்லின்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அவர்கள் யாரென்றுகூட லிகாயாவுக்குத் தெரியாது. தெரியாத பெண்ணின் பெயரைச் சுமந்துகொண்டு அவள் மூன்றாம் வகுப்பையும் நான்காம் வகுப்பையும் கடந்துவிட்டாள்.

மழையில் வண்டியின் தகரம் துருப்பிடித்துப் பொத்தல் விழுந்த பிறகுதான் அப்பா மனம் வைத்தார். வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தினார். துருவை வெட்டி எடுத்தார், புதுத் தகரம் ஒட்டினார், பட்டி பூசினார், உப்புத்தாள் வைத்துத் தேய்த்தார்.

"அப்பா, என் பேரு எப்போ?"

"செவப்பு பெயின்ட்டு கண்ணாடி மாதிரி வரட்டும். அப்புறம்தான் பேரு."

"திருவிழா ஞாயித்துக்கிழமை. அன்னிக்குத்தானே ஃபாதர் வண்டிக்கெல்லாம் தீர்த்தம் தெளிப்பாரு?"

"அதுக்குள்ள முடிச்சிடலாம், கண்ணு."

முடித்திருக்கலாம், தெருவில் ஆட்களே இல்லாமல் இருந்திருந்தால்.

முதல் சிவப்பு அடித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. பக்கத்து வீட்டு கார்டோ மாமா வந்தார். "அடடா, பிரமாதம் நெஸ்தோர்! காஞ்சிடுச்சா?" என்று கேட்டபடியே கதவில் விரலை வைத்தார். விரலை எடுத்துப் பார்த்தார். "இல்ல, காயல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கதவில் கார்டோ மாமாவின் கட்டைவிரல் அழகாகப் பதிந்திருந்தது.

அப்பா பெருமூச்சு விட்டார். அந்த இடத்தைத் தேய்த்தார். மறுபடி அடித்தார்.

அடுத்த நாள் காலையில் தாஹோ என்னும் இனிப்புப் பண்டம் விற்கிறவர் தோளில் வாளிகளோடு, "தாஹோ...!" என்று கூவிக்கொண்டே வந்தார். வண்டியைப் பார்த்தார். "காஞ்சிடுச்சா?" என்றார். ஒரு விரல் இல்லை, இரண்டு விரல்.

லிகாயாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட்டையில் பெரிதாக 'ஈரம்! தொடாதீர்கள்!' என்று எழுதி மாட்டினாள். அன்று மாலைக்குள் இன்னும் நிறைய விரல்கள்.

"போர்டு வெச்சிருக்கேனே, பாக்கலையா?" என்று எதிர்வீட்டு பேபாங் அக்காவிடம் சண்டைக்குப் போனாள்.

"பாத்தேனே! ஈரம்னு எழுதியிருந்துச்சு. நெசமான்னு தொட்டுப் பாத்தேன். நெசம்தான்!" என்றாள் பேபாங் அக்கா, பாராட்டுவதுபோல.

லிகாயா வண்டியைச் சுற்றிக் கயிறு கட்டினாள். பேபாங் அக்கா அதில் துணி காயப்போட்டாள். காற்றடித்தது. அவள் வீட்டுக்காரரின் பனியன் பறந்து போய் வண்டியின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டது. பனியனை உரித்தபோது சிவப்பும் கூடவே வந்தது.

தம்பி ஜெபோய் நாயைக் கொண்டுவந்து காவலுக்குக் கட்டினான். ரொட்டித் துண்டு கொடுத்தவர்களுக்கெல்லாம் நாய் வாலை ஆட்டியது. ஆட்டிய வால் எதில் பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை அப்பா காலி பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். கையில் உப்புத்தாள் இருந்தது. ஆனால் தேய்க்கவில்லை.

  தின்னர் வாசனை மூக்கில் ஏறியது.

"நெத்திய இன்னும் தேய்க்கவே இல்ல" என்றார் கடைசியில். "இப்படியே போச்சுன்னா இந்த வருஷம் பழைய பேரோடயே கோயிலுக்குப் போயிடலாம் கண்ணு. அடுத்த வருஷம் மாத்திக்கலாம்."

 இன்னொரு வருஷம் ஜோஸ்லின்!

அவள் உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தெருவையே வெறித்துப் பார்த்தாள். கார்டோ மாமா மறுபடி வந்தார். அவர் கண் வண்டியின் பளபளப்பில் நின்றது. கை தானாக மேலே எழுந்தது. அவர் குறும்பு செய்யவில்லை. அந்த விரலுக்குப் பதில் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

லிகாயா தன் கையைப் பார்த்தாள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்த அவள் விரலும் நீண்டிருந்தது!

"நில்லுங்க மாமா!" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

அப்பா வெட்டிப்போட்ட துருப்பிடித்த தகரம் ஒன்று மூலையில் கிடந்தது. அதை எடுத்து வந்தாள்.

"அப்பா, இதுக்கும் செவப்பு அடிங்க."

"குப்பைக்கு எதுக்கும்மா பெயின்ட்டு?"

"அடிங்கப்பா, சொல்றேன்."

வண்டிக்கு முன்னால் இருந்த கொய்யா மரத்தில், கைக்கு எட்டும் உயரத்தில் அந்தத் தகரத்தைத் தொங்கவிட்டாள். பக்கத்தில் அட்டை: 'காய்ந்துவிட்டதா? இங்கே தொட்டுப் பார்க்கவும்.'

கார்டோ மாமா தொட்டார். "இன்னும் ஈரம்" என்றார் திருப்தியாக. தாஹோக்காரர் தொட்டார். பேபாங் அக்கா இரண்டு முறை தொட்டாள். வண்டிப் பக்கம் யாருமே போகவில்லை. தகரம் முழுக்க விரல்கள். வண்டியில் ஒன்றுகூட இல்லை.

அப்பா வாயைத் திறந்தவர் மூட மறந்துவிட்டார். பிறகு பாய்ந்து போய் நெற்றியைத் தேய்க்க ஆரம்பித்தார். ரோமெல் போனான். ஜோஸ்லின் போனாள்.

வண்டிக்கு அடித்தபோதெல்லாம் தகரத்துக்கும் அடித்தார். சனிக்கிழமை மதியம் கார்டோ மாமாவின் குரல் தெருக்கோடிவரை கேட்டது.

"காஞ்சிடுச்சு! எல்லாரும் வாங்க, காஞ்சிடுச்சு!"

சிவப்பு கண்ணாடி மாதிரியே இருந்தது. லிகாயா அதில் தன் முகத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டினாள். அன்று மாலை அப்பா நெற்றியில் மஞ்சள் எழுத்தில் மெதுவாக எழுதினார்: லிகாயா, ஜெபோய். மிச்சமிருந்த மஞ்சளைத் தகரத்திலும் ஒரு தீற்று தீற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. பாதிரியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். அவர்களுடைய ஜீப்னி முன் வந்ததும் நின்றார்.

"நெஸ்தோர், இது உன் வண்டியா? அடேயப்பா! பேரெல்லாம் புதுசா இருக்கே, காஞ்சி..."

அவர் விரல் நேராக லிகாயாவின் பெயரை நோக்கிப் போனது.

"ஃபாதர்!"

லிகாயா இருக்கைக்கு அடியிலிருந்து அட்டையோடு தகரத்தை உருவி அவர் முன் நீட்டினாள். பாதிரியார் அட்டையைப் படித்தார். பயபக்தியோடு தகரத்தைத் தொட்டார். விரலைத் திருப்பிப் பார்த்தார். மஞ்சள்.

"இன்னும் ஈரம்" என்றார்.

அந்த மஞ்சள் விரலாலேயே சிலுவை போட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு டனிலோ ஓடி வந்தான். "ஏய் ஜோஸ்..." என்று ஆரம்பித்தவன் வண்டியின் நெற்றியைப் பார்த்தான். எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"லிகாயா, காஞ்சிடுச்சா?" என்றபடி விரலை நீட்டினான்.

லிகாயா சிரித்துக்கொண்டே தகரத்தை நீட்டினாள்.