ஆட்சேபணை இல்லை

வெளியீடு முப்பத்தொன்றுக்கான பட்டியலில் பதினோரு வேலைகள் இருந்தன. பத்து முடிந்துவிட்டன. பதினோராவது, பழைய நான்காம் வரிசைச் சில்லுகளுக்கான நிரலைத் தூக்கி எறிவது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிற சாதாரண வெளியீடுதான். வீட்டுக்கு ஒட்டடை அடிப்பது மாதிரி. அந்த வாரத்தோடு அதைத் தலைமுழுகிவிட வேண்டும் என்று நிறைமதி துடித்தாள்.

அவளும் ஜெபசிங்கும் பராமரித்த அந்த நிரல் நூலகத்துக்கு 'நாவு' என்று பெயர். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்த நிரல். புற்றுநோயில் குரல்வளையை இழந்தவர்களின் கழுத்தில் ஒரு குரல்சில்லு பொருத்துவார்கள். பேச நினைப்பதை நரம்பிலிருந்து படித்து, அவர்களுடைய பழைய குரலிலேயே அது சொல்லும். கேட்பவருக்கு வித்தியாசமே தெரியாது. அத்தனை சில்லுகளுக்குள்ளும் ஓடியது நாவுதான்.

குரல் இல்லாதவன் அந்தக் காலத்தில் ஓர் அடி நகர முடியாது. இயந்திரங்கள் எழுதிக் குவித்த பொய்க் கடிதங்களில் நாடே மூழ்கி எழுந்த பிறகு, எழுத்தை ஒருவரும் மதிப்பதில்லை. நரம்புத் துடிப்போடு சேர்ந்து வரும் குரலைத்தான் எந்த இயந்திரத்தாலும் போலி செய்ய முடியவில்லை. எனவே ரேஷன் அரிசியிலிருந்து ஆம்புலன்ஸ் வரை எல்லாவற்றுக்கும் வாயால் சொல்லிக் குரல்முத்திரை விழ வேண்டும். எழுதி வந்தது எதுவானாலும் நேராகக் குப்பைக்குப் போகும்.

திங்கட்கிழமை கூட்டத்தில் ஜெபசிங் மறுபடியும் முரண்டு பிடித்தார். கூட்டம் என்றால் இருவர் குரல் மட்டும்தான். ஒரே மதுரையில் இருந்தும் எட்டு வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

"மதிம்மா, அந்தப் பதினொன்ன மட்டும் விட்டுரு. அடுத்த தடவ பாப்போம்."

"எத்தன அடுத்த தடவண்ணே? தொண்ணூறு நாளா அறிவிப்பு கெடக்கு. ஒருத்தர் வாயத் தொறக்கல."

"நம்ம அறிவிப்ப யாரும்மா படிக்கிறா? நாலாம் வரிச வச்சிருக்கவன் மூட்ட தூக்குறவன். புதுச் சில்லுக்கு அவன் எங்க போவான்?"

"அப்படி யாருன்னு ஒரே ஒரு பேரு சொல்லுங்க. இப்பவே பட்டியல்லருந்து எடுத்துர்றேன்."

ஜெபசிங், "பேரெல்லாம் எதுக்கு? நாளைக்கு ஆட்சேபணை கேப்பேல்ல, அப்பச் சொல்றேன்" என்றார்.

அவர்களுடைய விதி அப்படி. ஒரு பராமரிப்பாளர் குரல் கொடுத்து மறுத்தால் வெளியீடு நின்றுவிடும். பத்து நிமிடம் மறுப்பு வராவிட்டால் சம்மதம் என்று பதிவாகும். இன்னொரு வழக்கமும் இருந்தது: தாங்கள் சமைத்ததைத் தாங்களே முதலில் சாப்பிட வேண்டும். அதனால் வெளியீட்டுக்கு முன், பராமரிப்பாளர்கள் பெயரில் இருக்கும் கருவிகளுக்கெல்லாம் சோதனைப் பதிப்பு தானாகப் போய்விடும். செவ்வாய் காலையிலும் போனது.

அன்று மாலை நிறைமதி ஆட்சேபணை கேட்டாள். ஜெபசிங் இணைப்பில்தான் இருந்தார். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. மேசையை யாரோ ஓங்கி ஓங்கித் தட்டினார்கள்.

"கோவமாண்ணே? கோவத்த வாயால சொல்லுங்க, மேசை என்ன பண்ணுச்சு?"

தட்டும் சத்தம்தான் வந்தது. பத்து நிமிடம் ஆனதும், 'ஆட்சேபணை இல்லை' என்றது இயந்திரம். ஒருவழியாகப் பெரியவர் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது. ஊர் ஊராக எல்லாச் சில்லுகளுக்கும் வெளியீடு முப்பத்தொன்று போய்ச் சேர்ந்தது.

வியாழக்கிழமை காய் வாங்கக் கதவைத் திறந்தவள் திடுக்கிட்டாள். படியில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். "பெயரைச் சொல்லுங்கள்" என்று கதவு அவரிடம் எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்ததோ தெரியவில்லை. அவர் ஓர் அட்டையை நீட்டினார். பென்சிலால் எழுதியிருந்தது: 'ஜெபசிங். நாலாம் வரிசை.' சட்டைக் காலருக்கு மேலே பழைய தழும்பு தெரிந்தது. ஆட்டோவிடம் இடம் சொல்ல முடியாமல் வில்லாபுரத்திலிருந்து நடந்தே வந்திருந்தார்.

நிறைமதி, "எனக்குத்தான்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதாண்ணே?" என்று கத்தினாள். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது.

'எனக்காகன்னு கேக்க வெக்கமா இருந்துச்சு' என்று எழுதினார்.

அவரை உள்ளே அழைத்துவந்து, கருவியில் பல வருடம் திறக்காத குப்பைப் பெட்டியைத் திறந்தாள். அவர் எழுதியவை அறுபத்து மூன்று இருந்தன. எல்லாவற்றிலும் 'இயந்திரம் எழுதியது' என்ற முத்திரை. அவற்றின் கீழே முகம் தெரியாத மனிதர்களின் கடிதங்கள், ஆயிரக்கணக்கில். 'மகள் பிரசவ வலியில் மயங்கிவிட்டாள். வீட்டில் நானும் அவளும்தான். ஆம்புலன்ஸைக் கூப்பிட எனக்குக் குரல் வரவில்லை.' அது செவ்வாய் இரவு வந்தது. அதற்கு மேல் அவளால் படிக்க முடியவில்லை. திட்டப் பக்கத்தில் மட்டும், 'புகார்கள்: பூஜ்யம். இதுவரை வந்ததில் மிகச் சிறந்த வெளியீடு' என்று இருந்தது.

"திரும்ப எடுத்துரலாம்ணே, இப்பவே" என்று கருவிமுன் உட்கார்ந்தாள். வெளியானதைத் திரும்பப் பெற இரண்டு பராமரிப்பாளர்களின் குரலும் வேண்டும் என்றது அது. அவசரக்குடுக்கைகள் யாரும் விளையாடிவிடக் கூடாது என்று அந்த விதியைப் போட்டவரே ஜெபசிங்தான். எறிந்த நிரலைப் புது வெளியீட்டில் மறுபடி சேர்க்கலாம் என்றாலும், புதிதாக ஒருவரைப் பராமரிப்பாளராகச் சேர்க்கலாம் என்றாலும், அதற்கும் இரண்டு குரல்.

ஜெபசிங் அட்டையை வாங்கி நிதானமாக எழுதினார். 'முப்பது நாள் என் குரல் வரலேன்னா என் பேரு தானா நீங்கிரும். அப்புறம் உன் ஒரு குரல் போதும்.'

"முப்பது நாளாண்ணே? அதுவரைக்கும் அவுங்கல்லாம்?"

அவர் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்து விரல்விட்டு எண்ணினார். கடைசியாகப் பேசியது திங்கட்கிழமை. அட்டையைத் திருப்பி, 'இன்னும் இருபத்தேழு' என்று எழுதினார்.