ஒன்றாம் நம்பர் ரிமோட்

கையிலிருந்த ரிமோட்டை வயர்மேன் இன்னும் ஆன் செய்யவே இல்லை. ஆனால் கன்ட்ரோல் பெட்டியின் திரையில் சிக்னல் ஒரு கோடு காட்டியது.

புதுப் பெட்டி, புதுமாப்பிள்ளை முறுக்கு காட்டுகிறது என்று நினைத்து அதன் தலையில் ஒரு தட்டு தட்டினான். கோடு அழிந்தது. அவன் கையை எடுத்ததும் மறுபடி வந்தது.

விடுமுறை நாள். மதிய வெயிலில் தகரக் கூரை அங்கங்கே டிக் டிக்கென்று சத்தம் போட, ஷட்டர்கள் எல்லாம் இறங்கிக் கிடந்த அந்த நீண்ட கொட்டகையில், ஆறிப்போன கிரீஸும் இரும்புத் தூளும் கலந்த வாடைக்கு நடுவே, இரண்டே பேர்தான் இருந்தார்கள். ஒருவன் வயர்மேன். இன்னொருவன், கம்பிவலைக் கூண்டுக்குள் ரோபோவின் காலடியில் குனிந்து பழைய கேபிள்களைப் பிடித்திருந்த கிளாம்ப்புகளைக் கழற்றிக்கொண்டிருந்த அவன் மச்சான் ஃபிட்டர். மனைவியின் ஒரே தம்பி. ரோபோவுக்கும் தூணுக்கும் நடுவிலிருந்த சந்தில் வயர்மேனின் தொப்பை நுழையாது. அதனால்தான் மச்சான் உள்ளே போனான்.

"அவன அந்த ரோபோ பக்கத்துல விடாதீங்க," என்று மனைவி காலையில் சொல்லியிருந்தாள். "எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான்."

"நான் இருக்கேன்ல, நீ போய் வேலையப் பாரு," என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

அந்த ரோபோவின் கை ஒரு ஆளைப்போல இரண்டு மடங்கு நீளம். அது திரும்பும்போதெல்லாம் கூடவே முறுக்கிக்கொள்ளும் சிக்னல் கேபிள்கள் மாதம் தவறாமல் அறுந்தன. அறுந்த இடத்தைத் தேடித் தேடியே வயர்மேனின் பாதி ஆயுசு போனது. சலித்துப்போன மேனேஜர், "வயரே வேணாம்யா, எல்லாத்தையும் காத்துல அனுப்பு," என்றார். மோட்டாருக்குக் கரண்ட் போகிற கேபிளைத் தவிர மற்றதெல்லாம் போய், பெட்டியில் ஒரு ஆன்டெனாவும் கையில் ஒரு ரிமோட்டும் வந்தன. பட்டனை அழுத்தினால் இரும்புக் கை நகரும், விட்டால் நிற்கும். சின்னக் குழந்தைக்குக்கூடப் புரிகிற விஷயம்.

முதல் ரிமோட்டை வாங்கிக்கொண்டு முதல் ஆளாகக் கூண்டுக்குள் போனவர் மேஸ்திரி. இரும்புக் கை அவரை அதே தூணோடு சேர்த்து நெருக்கியபோது பட்டனை விட்டிருந்தால் பிழைத்திருப்பார். பயந்த மனுஷன் கையில் இருப்பதை விடுவானா? இறுக்கிப் பிடித்தார். இவர் பிடிக்கப் பிடிக்க அது நெருக்கியது. செத்த பிறகும் அந்தப் பிடி தளரவில்லை. ஆஸ்பத்திரியில் நாலு பேர் சேர்ந்து விரல்களைப் பிரித்துப் பார்த்துத் தோற்றுப்போய், ரிமோட்டோடு சேர்த்தே துணியைச் சுற்றிக் கொடுத்தார்கள். அப்படியே புதைத்தார்கள். அடுத்து வந்த இரண்டாம் நம்பர் ரிமோட், பயத்தில் இறுக்கிப் பிடித்தாலும் நின்றுவிடுகிற மாதிரி செய்தது. இப்போது வயர்மேன் கையில் இருப்பது அதுதான்.

ஒன்றாம் நம்பரைப் பெட்டியிலிருந்து அழித்திருக்க வேண்டும். அழித்தால் பெட்டியையும் ரிமோட்டையும் முதலிலிருந்து ஜோடி சேர்க்க வேண்டும், அரை நாள் தண்டம். மண்ணுக்குள் போனது எழுந்து வந்தா பட்டனை அழுத்தப் போகிறது என்று வயர்மேன் விட்டுவிட்டான்.

"மாமா, தூங்கிட்டீங்களா?" கூண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இல்லடா. கைய பாத்துக்க."

"எந்தக் கைய? என்னோடதா, இதோடதா?"

வயர்மேன் சிரிக்கவில்லை. திரையில் இப்போது இரண்டு கோடுகள். கோடுகளுக்குக் கீழே, எந்த ரிமோட் பேசுகிறது என்று காட்டும் இடத்தில், ஒன்று என்று இருந்தது.

மெயின் சுவிட்சை இறக்கிவிட்டால் நிம்மதிதான். ஆனால் ரோபோவின் முழங்கை பிரேக் தேய்ந்து போயிருந்தது. கரண்ட் இருக்கிறவரைதான் மோட்டார் அந்தக் கையைத் தூக்கிப் பிடித்திருக்கும். கரண்ட் போனால் அத்தனை கனமும் தொப்பென்று மச்சானின் தலைமேல் விழும். அடியில் முட்டுக் கொடுத்திருக்கலாம். "பத்து நிமிஷ வேலைக்கு எதுக்கு மாமா," என்று அவன் சொன்னான், இவனும் சரியென்று தலையாட்டினான்.

வெளியே தகரச் சுவரை ஒட்டி எதுவோ உரசியது. நின்றது. மறுபடி உரசியது, இந்த முறை இன்னும் கொஞ்சம் கிட்டே, ஈரத் துணியை இழுத்துக்கொண்டு ஒருவர் சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிற மாதிரி. அத்தனை வெயிலிலும் ஈர மண்ணின் வாடை வந்தது.

மூன்று கோடுகள். ரிமோட் கிட்டே வர வரத்தான் கோடு கூடும். அதை அப்படி அமைத்ததே அவன்தான்.

"மச்சான், வெளிய வா."

"இன்னும் ஒரு ஸ்க்ரூதான் மாமா."

"வாடான்னா வா."

மோட்டார் முனகியது. இரும்புக் கை மெதுவாக இறங்கி, சந்தின் வாயை அடைத்துக்கொண்டு, தூணைப் பார்த்து நகர்ந்தது.

"என்ன விளையாட்டு மாமா இது? பட்டன விடுங்க."

"நான் தொடவேயில்லடா."

ரிமோட்டை ஆன் செய்தான். சிவப்புப் பட்டனைக் குத்தினான். பலனில்லை. பெட்டி ஒன்றாம் நம்பர் சொல்வதை மட்டுமே கேட்டது. மெயினை நோக்கிக் கை போனது. பாதியில் நின்றது. இறக்கினால் அந்தக் கனம் மச்சான்மேல்தான்.

நான்கு கோடுகள்.

நான்கு வர வேண்டுமென்றால் ரிமோட் பெட்டியை ஒட்டி இருக்க வேண்டும். பெட்டியை ஒட்டி நின்றது அவன் மட்டும்தான். பெட்டிக்குப் பின்னால் ஒரு இருட்டு இடுக்கு. அதிலிருந்து அழுக்குத் துணியின் நுனி தொங்கியது.

உள்ளே கையை விட்டான்.

சில்லென்று. ஈரமாய். ஒரு முஷ்டி.

"மாமா, நெஞ்சு இறுக்குது."

சுண்டுவிரலைப் பிடித்து நிமிர்த்தினான். நிமிர்ந்தது. மோதிர விரலைப் பிடித்தான். அதற்குள் சுண்டுவிரல் மூடிக்கொண்டது.

"மேஸ்திரி அண்ணே, விட்டுடுங்கண்ணே. எங்க வீட்டுக்கு அவன் ஒருத்தன்தான்."

முஷ்டி நடுங்கியது. பயந்தவன் கை நடுங்குகிற மாதிரி. பிறகு இன்னும் இறுகியது.

"அக்காகிட்ட..."

மச்சானின் குரல் அதற்குமேல் வரவில்லை. எலும்பு முறிகிற சத்தம். மறுபடி ஒன்று. பிறகு மோட்டாரும் நின்றது.

அப்போதுதான் முஷ்டி தானாகத் திறந்தது. நாலு பேரால் பிரிக்க முடியாதது, எத்தனை சுலபமாக! ரிமோட்டை அவன் உள்ளங்கையில் வைத்தது. அவன் விரல்களை அதன்மேல் ஒவ்வொன்றாக மடக்கியது. சுண்டுவிரல். மோதிர விரல். நடுவிரல். ஆள்காட்டி விரல். கடைசியாகக் கட்டைவிரலைப் பட்டன்மேல் வைத்தது.

சட்டைப் பையில் போன் அடித்தது. மனைவிதான்.

வயர்மேன் கையை உதறினான். விடவில்லை. மற்ற கையால் விரலைப் பிரித்தான். பிரியவில்லை. பயத்தில் இன்னும் இறுக்கினான்.

கூண்டுக்குள் மோட்டார் மறுபடி முனகத் தொடங்கியது. இரும்புக் கை, மச்சானைத் தூணோடு சேர்த்து, மெதுவாக, இன்னும் கொஞ்சம் நெருக்கியது.