பகலில் எரிந்த விளக்கு

நெமிலிச்சேரி ஸ்டேஷனில் இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டி மண்பாதையில் போனால் கடைசி வீடு மனோகரனுடையது. மூன்று பக்கமும் வெறும் மனைக்கற்கள். மின்கம்பம் அந்தத் தெருவரைக்கும் இன்னும் வரவில்லை. கல்யாணமான அன்று மாலை நாகவல்லி அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது, மனோகரன் லாரி பேட்டரியில் எரியும் குட்டை டியூப்லைட்டைப் போட்டான். அது ஒரு தடவை துடித்துவிட்டு நின்று எரிந்தது.

அந்த வெளிச்சத்தில் அவன் அவளைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகத் தெருத்திருப்பத்தைப் பார்த்தான்.

அவனுக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி புஷ்பா இதே வீட்டில் மஞ்சள் காமாலையில் போனவள். தெரிந்துதான் நாகவல்லி கழுத்தை நீட்டினாள். செத்துப்போனவளோடு என்ன போட்டி என்று நினைத்திருந்தாள்.

காலையில் இருவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவார்கள். அவன் சைக்கிளில் ஆவடி ஃபேக்டரிக்கு. அவள் ரயிலில் அம்பத்தூருக்கு. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பேட்டரிக் கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் வேலை. மாலையில் அவள் முதலில் திரும்புவாள். அவன் இருட்டிய பிறகு வருவான். சாப்பிடுவான், படுப்பான். கேட்டதற்குப் பதில் சொல்வான். அவ்வளவுதான்.

பட்டாபிராமில் சார்ஜ் போட்டு வந்தால் ஒரு வாரம் தாங்க வேண்டிய பேட்டரி, பாதி வாரத்திலேயே படுத்தது.

"கெழடாயிடுச்சு," என்றான் மனோகரன்.

பேட்டரி விஷயத்தில் நாகவல்லி யார் பேச்சையும் அப்படியே நம்புகிறவள் இல்லை. கம்பெனி வேனில் ஏற்றிக்கொண்டுபோய்த் தன் பெஞ்சிலேயே சோதித்தாள். ஒரு குறையுமில்லை.

"குத்துக்கல்லாட்டம் கீதும்மா," என்றார் சூப்பர்வைசர் கஜபதி. "உங்க ஊட்லதான் யாரோ திங்கறாங்க."

மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய ரெக்கார்டரை இரவல் கேட்டாள். சாவி கொடுத்தால் வாரம் முழுவதும் ஓடும். உருளையில் சுற்றிய காகிதம் மெல்ல நகர, மையூறும் பேனா ஒன்று மின்சாரத்தின் ஏற்றஇறக்கத்தை வரைந்துகொண்டே போகும்.

"இன்னாம்மா, ஊட்டுக்காரர வேவு பாக்கவா?" கஜபதி சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை.

உள்ளறையில் பேட்டரிக்குப் பக்கத்தில் அதை வைத்து இணைத்தாள். எதுவும் ஓடாதபோது பேனா அடிக்கோட்டில் கிடக்கும். விளக்கைப் போட்டால் ஒரு படி ஏறி நேராக நடக்கும். ஃபேன் போட்டால் முதலில் ஊசிபோல எகிறி, பிறகு இறங்கி நிலைக்கும். அந்தக் கோடுகளைப் படிப்பதுதான் அவள் தொழில்.

ஞாயிற்றுக்கிழமை காகிதத்தைக் கழற்றித் தரையில் விரித்தாள்.

மாலைகளில் அவர்கள் போட்ட விளக்கு, அவர்கள் போட்ட ஃபேன். எல்லாம் சரி.

பூட்டிய வீட்டில், மத்தியானங்களில், இன்னொரு கோடு.

ஃபேன் இல்லை. விளக்கு மட்டும். ஏறுகிறது, உடனே அடிக்கோட்டில் விழுகிறது, மறுபடி ஏறுகிறது. பிறகு பொழுது சாயும்வரை நேராகப் போகிறது. ஒவ்வொரு நாளும் தொடக்கத்தில் அதே பள்ளம். ஒரே கை.

பட்டப்பகலில் விளக்கு யாருக்கு வேண்டும்? ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பவர்களுக்கு. காகிதத்தைச் சுருட்டும்போது அவள் விரல்களில் மை அப்பியது.

"மத்தியானத்துல ஊட்டுக்கு வரீங்களா?" என்று ராத்திரி சோறு போடும்போது கேட்டாள்.

"வேலை நேரத்துல எப்படி வர்றது?"

"வேற யார் கையிலயாவது சாவி கீதா?"

மனோகரன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான்.

"இருந்துச்சு. அவ இடுப்புல."

"இப்ப எங்க?"

"அவுக்கல. அப்படியே சுடுகாட்டுக்கு அனுப்பிட்டோம்."

மறுநாள் எதிர்வீட்டுப் பொன்னியம்மாவைப் பிடித்தாள். பொன்னியம்மா எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரு வருவா இங்க? பூட்டு தொங்கினேதான் கீது. லைட்டு மட்டும் பகல்ல எரியும். நீதான் மறந்துட்டுப் போறேன்னு நெனச்சேன்."

"எரியறப்போ ஒருக்கா அணைஞ்சு எரியுமா?"

பொன்னியம்மா வாளியைக் கீழே வைத்தாள்.

"அது புஷ்பா பண்றதுடி. உன் புருஷன் சைக்கிளு திருப்பத்துக்கு வந்தா, போட்டு அணைச்சு மறுக்கா போடும். 'பாத்துட்டேன், வா'ன்னு அர்த்தம். அவரு அங்கிருந்தே பெல்லடிப்பாரு. சினிமா தோத்துடும் போ. சாவற வாரம்கூட செவுத்தப் புடிச்சினு வந்து போட்டுச்சு."

நாகவல்லிக்குப் பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வேறு. இந்த வீட்டில் அவள் ஒருநாள்கூட அந்த மணியைக் கேட்டதில்லை.

லீவு போட்டாள். மனோகரன் போனதும் வெளியே பொன்னியம்மாவைப் பூட்டச் சொல்லிவிட்டு, உள்ளறையில் ரெக்கார்டர் முன் உட்கார்ந்தாள். ஓட்டின் சூடு இறங்கியது. பேட்டரியின் ஆசிட் வாடை மூக்கில் நின்றது. காகிதம் நகர்ந்தது. பேனா கிடந்தது.

உச்சி வெயில் தாண்டியபோது வாடை மாறியது.

பச்சையாக. கசப்பாக. யாரோ அம்மியில் கீழாநெல்லி அரைத்ததுபோல. காமாலைக்குக் கொடுக்கிற மருந்து.

கூடத்தில் சாவிக்கொத்து மெல்லக் குலுங்கியது.

பேனா ஏறியது.

விழுந்தது.

ஏறியது.

நாகவல்லி சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். வெயிலில் வெளிறிப்போய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாருமில்லை. ஜன்னல் கம்பியில் மட்டும், யாரோ நெற்றியைச் சாய்த்து வெகுநேரம் நின்றதுபோல, ஈரம்.

"அவரு இப்ப என் புருஷன்," என்றாள். "உனக்கு இன்னும் இன்னா வேணும்?"

சுவிட்சில் கை வைத்தாள். அது வெதுவெதுப்பாக இருந்தது, அப்போதுதான் ஒரு விரல் எடுக்கப்பட்டதுபோல. பல்லைக் கடித்துக்கொண்டு அணைத்தாள். அணைத்த விரலை எடுக்காமல் அங்கேயே நின்றாள், சாயங்காலம் பொன்னியம்மா வந்து பூட்டைத் திறக்கும்வரை.

விளக்கு மறுபடி எரியவில்லை. ஜெயித்துவிட்டதாகத் தோன்றியது.

அன்று இருட்டியதும் விளக்கைப் போட்டுவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள். டியூப்லைட் வழக்கம்போல முதுகுக்குப் பின்னால் துடித்தது. தெருத்திருப்பத்தில் சைக்கிள் மணி கேட்டது.

மனோகரன் சிரித்துக்கொண்டே படியேறினான். ரசத்தைக் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டான். ஃபேக்டரி கேன்டீன் கதை ஒன்றைச் சொல்லி, முடிப்பதற்குள் தானே சிரித்தான். அதற்கு அடுத்தடுத்த நாட்களும் மணி கேட்டது. பேட்டரி வாரம் முழுவதும் தாங்கியது. நாகவல்லி தலையில் பூ வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காகிதத்தை விரித்தாள். லீவு போட்ட நாளுக்குப் பிறகு மத்தியானங்கள் சுத்தமாக இருந்தன. அடிக்கோடு அசையவே இல்லை.

மாலைகளுக்கு வந்தாள்.

ஏறுகிறது. அடிக்கோடுவரை விழுகிறது. மறுபடி ஏறுகிறது.

ஒவ்வொரு மாலையும். அவள் ஒருமுறைதான் போட்டிருந்தாள். டியூப்லைட்டின் துடிப்பு காகிதத்தில் மயிரிழை அளவுதான் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. இது சுவிட்சை அணைத்துப் போட்ட பள்ளம்.

தன் வலதுகை விரலைப் பார்த்தாள். தனக்குத் தெரியாமல் இதுதான் அணைத்துப் போடுகிறதோ, புஷ்பாவுக்காக? அதன்மேலேயே அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அவனிடம் சொல்லிவிடலாம். சொன்னால் அந்தச் சிரிப்பு போய்விடும்.

அடுத்த நாள் மாலை அவள் விளக்கைப் போடவில்லை. இருட்டில் ஜன்னலோரம் நின்றாள். திருப்பத்தில் சைக்கிளின் டைனமோ வெளிச்சம் வந்தது. அங்கேயே நின்று அணைந்தது. அவன் வரவில்லை. காத்திருந்தான்.

நாகவல்லி சுவிட்சைப் போட்டாள். ஒரே தடவை. உடனே கையை இழுத்து, அந்த விரலை இடதுகைக்குள் இறுகப் பிடித்துக்கொண்டாள். வெளிச்சம் துடித்து, நின்று எரிந்தது. தன் முகம் ஜன்னலில் அவனுக்குத் தெரியும்படி நின்றாள்.

'எனக்காக வா. இந்த ஒரு தடவை எனக்காக.'

சைக்கிள் அசையவில்லை.

கீழாநெல்லி வாடை அவள் கழுத்தருகே வந்தது.

விளக்கு அணைந்தது.

எரிந்தது.

அவளுடைய விரல் இன்னும் இடதுகைக்குள்தான் இருந்தது.

திருப்பத்தில் மணி அடித்தது. மனோகரன் வேகமாக மிதித்து வந்தான், சைக்கிளைச் சாத்தினான், வாசலில் நின்று வாய்நிறையச் சிரித்தான்.

நாகவல்லியும் சிரிக்கப் பார்த்தாள். அப்புறம்தான் அவன் கண் எங்கே நிற்கிறது என்று கவனித்தாள். அவள்மேல் இல்லை. சுவிட்சுக்கும் அவளுக்கும் நடுவில், ஒரு ஆள் நிற்கிற இடத்தில்.