ஆறு மணி நேரம் உட்காரக் கூடாது

கதவிடுக்கில் வெள்ளையாக ஏதோ கசிவதைப் பார்த்துவிட்டுத்தான் அவன் தடதடவென்று தட்டினான்.

"புகை வருது! உள்ளே யாருங்க? வெளியே வாங்க!"

கதவைத் திறந்தாள் கணக்கு டீச்சர். கையில் ஸ்டீம் மெஷின், முகமெல்லாம் வியர்வை. "புகை இல்லைங்க... ஆவி. சோபாவைச் சுத்தம் பண்றேன்."

மாடி வீட்டு மெத்தையைச் சுத்தம் செய்துவிட்டு இறங்கி வந்தவன் அவன். தொழிலே அதுதான். உள்ளே எட்டிப் பார்த்தவன் தலையில் கை வைத்துக்கொண்டான். பச்சை வெல்வெட் சோபா, நனைந்த பூனையாட்டம் கிடந்தது.

"ஐயோ, வெல்வெட்ல ஆவியை இப்படி ஒட்டவெச்சா அடிப்பாங்க? முதல்ல ஒரு மூலையில அடிச்சுப் பார்க்க வேண்டாமா?"

"எங்க வீட்டு சோபா. நான் எப்படி வேணா அடிப்பேன்!"

வாய்தான் வீறாப்பு பேசியது. கண் கலங்கிவிட்டது. காபியைக் கொட்டியவள் அவளே. வந்த விருந்தாளியைக்கூட அம்மா அந்த சோபாவின் நுனியில்தான் உட்கார வைப்பாள். வெளியூர் போன அம்மா நாளைக் காலையில் வந்துவிடுவாள்!

அந்தக் கண்களைப் பார்த்தான்... அவ்வளவுதான், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டான். மெஷின் முனையை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, லேசாக ஆவி காட்டி, பிரஷ்ஷால் ஒரே பக்கமாக நீவ நீவ வெல்வெட் மெல்ல நிமிர்ந்தது. கறையும் போயே போய்விட்டது. அவளுக்கும் சொல்லிக் கொடுத்தான். பிரஷ்ஷைக் கொடுக்கும்போது விரல் பட்டது...

"ஆறு மணி நேரம் யாரும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தா பள்ளம் விழுந்துடும்," என்றான் கறாராக.

"சரிங்க சார்," என்று முதல் முறையாகச் சிரித்தாள் அவள்.

தொப்பென்று உட்கார்ந்துவிட்டான் அவன். சோபாவில்!

"ஐயையோ, எந்திரிங்க!"

எழுந்தான். நட்ட நடுவில் அச்சாகப் பள்ளம்.

"எனக்குப் பாடம் எடுத்தீங்களே, இதான் உங்க லட்சணமா? போங்க! இந்தப் பக்கமே வராதீங்க!"

காது சிவக்க ஓடினான். "காய்ஞ்சதும் ஆவி காட்டி நீவுங்க... ரெண்டே நிமிஷம்..." என்று படிக்கட்டிலிருந்து குரல் மட்டும் வந்தது. பிரஷ் அவள் கையிலேயே இருந்தது.

பத்தாம் நாள், கொட்டும் மழை. வாசலில் தொப்பலாக நின்றான். கதவைத் திறந்தவள் அம்மா.

"என் பிரஷ் ஒண்ணு இங்கே..."

"பையில நாலு பிரஷ் நீட்டிட்டு நிக்குதே தம்பி?"

திருதிருவென்று விழித்தவன் சோபாவைப் பார்த்தான். பள்ளம் அப்படியே இருந்தது. "ரெண்டு நிமிஷ வேலைதானே... எழும்பலையா?"

"எங்கே தொட விடுறா! தினமும் அதுக்குப் பக்கத்துல உட்கார்ந்துதான் பேப்பர் திருத்துறா. என்னைக்கூட அண்ட விடலை."

"அம்மா!" உள்ளேயிருந்து ஓடி வந்தவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. அம்மா சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போய்விட்டாள்.

"டீச்சர்... அன்னிக்கு நீங்க சிரிச்சதும் எனக்குக் கால் நிக்கலை. அதான் உட்கார்ந்துட்டேன். உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

"எனக்கும்தான்... வராதீங்கன்னு வாய் தவறிச் சொல்லிட்டு, பத்து நாளா வாசலையே பார்த்துட்டு இருக்கேன்." பள்ளத்தைக் காட்டினாள். "உட்காருங்க. உங்க இடம்தானே."

"நான் முழுக்க நனைஞ்சிருக்கேங்க. இன்னும் பெரிசா பள்ளம் விழும்..."

"விழட்டும்," என்றாள் அவள்.