இன்னும் ஒரு சுற்று

போன வாரம்தான் மாட்டிய புது ஏர் ஃபில்டர். இந்த வெயில் காலத்துப் புழுதிக்குக்கூட அது ஒரு மாதமாவது தாங்க வேண்டும். தம்பி அதைக் கழற்றி, விரல்நுனியில் பிடித்து, சூரியனுக்கு நேரே தூக்கிப் பார்த்தான். நல்ல ஃபில்டர் என்றால் காகித மடிப்புகளின் இடுக்கில் வெளிச்சம் கோடு கோடாகத் தெரியும். இதில் பொட்டு வெளிச்சம் வரவில்லை. அடைத்திருந்தது புல்தூசியும் இல்லை, மண்ணும் இல்லை. கட்டிலுக்கு அடியில் சேருமே, சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஒரு தூசி, அதுதான்.

புல் வெட்டும் வண்டி பின்வாசல் படிக்குப் பக்கத்தில் முன்மூடி திறந்தபடி நின்றது. ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. ஸ்டியரிங், இருக்கை, சாவி எல்லாம் உண்டு. மதியத்திலிருந்து அவன் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. பாதிப் புல்வெளி தாண்டுவதற்குள் கரும்புகை கக்கி, வேகம் குறைந்து, இழுத்து இழுத்து மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. நாளைக் காலையில் வீடு பார்க்க ஆள் வருகிறார்கள். புல் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தால் எவன் வாங்குவான்? பொழுது சாய்வதற்குள் வெட்டி முடித்தாக வேண்டும். முடித்தால் வீடு கைமாறும், அண்ணி பெட்டியைக் கட்டுவாள், அவனும் இந்த ஊரைத் தலைமுழுகிவிட்டுப் போய்விடலாம்.

அப்பா இரண்டு பிள்ளைகள் பேரிலும் எழுதிவிட்டுப் போன வீடு அது. விற்று என் பங்கைக் கொடு என்று அவன் கேட்டபோதெல்லாம் அண்ணன் ஒரே பதிலைத்தான் சொல்வார். நான் மூச்சு விடுகிற வரைக்கும் இந்த வீட்டை விற்க விடமாட்டேன் என்பார். இழுப்பு நோயாளி அந்தப் பேச்சைப் பேசியிருக்கக் கூடாது. அதுவும் இப்படியொரு தம்பியிடம்.

ஃபில்டரை எதற்கோ மூக்கருகே கொண்டுபோனான். பெட்ரோல் வாடை அடிக்க வேண்டிய இடத்தில் தைல வாடை அடித்தது. இழுப்பு வரும்போதெல்லாம் அண்ணன் நெஞ்சில் தேய்த்துக்கொள்கிற தைலம். அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவர் துணிமணி, மருந்து எல்லாம் அவர் அறையிலேயே கிடக்க, அந்த அறையைப் பூட்டிச் சாவியைத் தம்பி தன்னிடம்தான் வைத்திருக்கிறான். பிறகு எங்கிருந்து வருகிறது தைலம்? வெயிலில் நின்று தலை கிறுகிறுக்கிறது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

வேலையில் அவன் சோடை போகிறவன் இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். காற்று போகிற வாய் திறந்து கிடந்தால் தூசி கார்புரேட்டருக்குள் இறங்கி எஞ்சினையே தின்றுவிடும் என்று, முதல் காரியமாக அதில் ஒரு துணியைத் திணித்து அடைத்தான். ஃபில்டருக்கு மேல் போடுகிற ஸ்பாஞ்ச் உறையைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, முறுக்காமல், உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பிழிந்தான். தண்ணீர் சாம்பலாக வந்தது. மறுபடி முக்கினான், மறுபடியும் சாம்பல். பக்கெட் முழுக்கத் தைலம் மணத்தது. உறையை நிழலில் காயப் போட்டுவிட்டுக் காகித ஃபில்டரை எடுத்தான். அதைக் கழுவக் கூடாது, காற்றடித்து ஊதவும் கூடாது, மடிப்பு கிழிந்துவிடும். தட்டித்தான் உதிர்க்க வேண்டும். படியின் ஓரத்தில் மெதுவாகத் தட்டினான்.

டொக். டொக். டொக்.

கையை நிறுத்தினான். சத்தம் நிற்கவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து, அண்ணன் அறைப் பக்கமிருந்து, அதே நிதானத்தில் இன்னும் மூன்று தட்டு கேட்டது. காகிதம் கல்லில் படுகிற மொத்தென்ற சத்தம் இல்லை. கண்ணாடியில் மோதிரம் படுகிற சத்தம். தம்பி திரும்பிப் பார்த்தான். அண்ணன் அறை ஜன்னல் பத்தடி தள்ளித்தான் இருந்தது. பலகை பலகையாகக் கண்ணாடிப் பட்டைகள் வைத்த பழைய ஜன்னல். அதைத் திறந்து மூடுகிற நெம்புகோல் என்றைக்கோ உடைந்து, பட்டைகள் பாதி திறந்த நிலையிலேயே இறுகிப் போயிருந்தன. அவற்றுக்குப் பின்னால் இருட்டு மட்டும் இருந்தது.

அந்த நேரம் பார்த்து அண்ணி பையைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்தாள். கடைக்குப் போவதாகச் சொன்னாள். இன்னுமா முடியவில்லை என்று கேட்டதற்கு, ஃபில்டர் போய்விட்டது, வேறு மாட்டாமல் வண்டி நகராது, இந்த நேரத்துக்கு எங்கே போய் வாங்குவது என்று அவன் சலித்துக்கொண்டான்.

"உங்க அண்ணன் அலமாரியில புதுசு ரெண்டு வாங்கி வெச்சிருந்தாரே" என்றாள் அண்ணி. "மேல் தட்டுல. நீங்கதான் அறையைப் பூட்டி வெச்சிருக்கீங்க."

சொல்லிவிட்டும் போகவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த ஒரு வருஷமாக, சாப்பாடு போடும்போது, துணி மடிக்கும்போது, நினைத்தாற்போல் கேட்கிற கேள்வியை அன்றும் அதே குரலில் கேட்டாள்.

"அன்னைக்கு அவர் கண்ணாடியைத் தட்டினாரா தம்பி?"

"எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை அண்ணி."

அவள் தலையை ஆட்டிவிட்டு வீட்டின் பக்கவாட்டில் நடந்து போனாள்.

பொய். வாய் கூசாத பொய். அவனுக்கு நன்றாகவே கேட்டது. அன்றைக்கும் இதே மாதிரி காய்ந்து கிடந்த புல், இதே மாதிரி வெயில். அண்ணி கடைக்குப் போயிருந்தாள். ஜன்னலோரம் வெட்டுவதானால் முதலில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும், வண்டி புல்லைக் கக்குகிற பக்கவாய் ஜன்னலைப் பார்க்கக் கூடாது. அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் அது. அன்று அவன் தண்ணீர் தெளிக்கவில்லை. பக்கவாய் ஜன்னலைப் பார்க்கிற மாதிரி வேண்டுமென்றே எதிர்த் திசையில் சுற்றினான். உடைந்த நெம்புகோலைச் சரிசெய்து தருகிறேன் என்று அதற்கு முன்பே இரண்டு மாதம் இழுத்தடித்திருந்தான். புழுதி மேகம் மேகமாக எழுந்து பட்டைகளின் இடுக்கு வழியாக உள்ளே போனது. இரண்டாவது சுற்றில் அண்ணன் ஜன்னலுக்கு வந்துவிட்டார். முகம் நீலம் பாரித்திருந்தது. மோதிர விரலால் கண்ணாடியைத் தட்டினார். தம்பி பார்த்தான். இருவர் கண்ணும் சந்தித்தன. அவன் சிரித்த முகமாக ஒரு விரலை உயர்த்திக் காட்டினான். இன்னும் ஒரு சுற்று, முடித்துவிட்டு வருகிறேன் என்பது மாதிரி. அப்புறம் இன்னும் ஒரு சுற்று. அதற்கப்புறமும் ஒன்று. தட்டுவது நின்ற பிறகுதான் வண்டியை நிறுத்தினான்.

அந்த மோதிரம் இப்போது அவன் விரலில் இருக்கிறது. கொஞ்சம் இறுக்கம், கழற்ற வராது. பாவி, அதையாவது விட்டு வைத்திருக்கலாம்.

வேறு வழியில்லை. பழைய ஃபில்டரைப் படியிலேயே வைத்துவிட்டு, வண்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனான். அண்ணன் அறைப் பூட்டைத் திறந்தபோது வரவேற்றதே தைல வாடைதான். கட்டில், மடித்து வைத்த போர்வை, தலைமாட்டு மேசையில் காலி இன்ஹேலர், சுவரில் மாட்டிய சட்டை, எல்லாம் போட்டது போட்டபடி இருந்தன. சாயங்கால வெயில் பட்டைகளின் ஊடாகத் தரையில் கோடு கோடாக விழுந்திருந்தது. ஏதோ சரியில்லை என்று மட்டும் பட்டது, என்னவென்று பிடிபடவில்லை. அலமாரி மேல்தட்டில் கைவிட்டுத் துழாவி, அட்டைப்பெட்டியை எடுத்து, கையைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

கையில் ஒட்டவில்லை, தூசி. ஒரு வருஷம் திறக்காத அறை. மூட முடியாத ஜன்னல். வெளியே இந்தப் புழுதி. அலமாரியில் தூசி இல்லை, மேசையில் இல்லை, தரையில் இல்லை. குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தான். துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

இந்த அறையின் தூசியெல்லாம் எங்கே போனது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. சற்று முன்புதான் அதைப் படியில் தட்டி உதிர்த்துவிட்டு வந்திருந்தான்.

வெளியே எஞ்சின் கிளம்பியது.

தம்பி சட்டைப்பையைத் தொட்டான். சாவி இருந்தது. காற்று வாயில் துணி திணித்திருக்கிறான். மூச்சுவிட வழியில்லாத எஞ்சின் எப்படி ஓடும்? ஆனால் ஓடியது. இழுத்து இழுத்து ஓடியது. ஒவ்வொரு இழுப்புக்கும் அடியில் ஒரு விசில் சத்தம். பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு பல ராத்திரி அவன் கேட்டிருக்கிற விசில். பிறகு 'ணங்' என்று பிளேடு இறங்குகிற சத்தம். அந்த வண்டியில் பிளேடு சுற்றும்போது இருக்கையில் ஆள் கனம் இல்லாவிட்டால் எஞ்சின் தானே நின்றுவிடும். இருக்கைக்கு அடியில் அதற்கென்றே ஒரு சுவிட்ச் உண்டு.

எஞ்சின் நிற்கவில்லை.

கதவுப் பக்கம் திரும்பினான். கதவு சாத்தியிருந்தது. அவன் சாத்தவில்லை. இழுத்தான். வெளித்தாழ்ப்பாள் கடகடவென்று ஆடியது, விடவில்லை. தோளால் இடித்தான். அதற்குள் முதல் புழுதி உள்ளே வந்துவிட்டது.

சாம்பல் நிறப் புழுதி. மெல்ல, அவசரமே இல்லாமல், பட்டைக்குப் பட்டை நுழைந்து, வெயில் கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தது. பட்டைகளைப் பிடித்து மூடப் பார்த்தான். அசையவில்லை. அவன் சரிசெய்து தராத நெம்புகோல். சட்டையைக் கழற்றி இடுக்கில் திணித்தான். புழுதி அதையும் தாண்டி வந்தது. மூக்கில் ஏறியது. தொண்டையில் பஞ்சாக அடைத்தது. இருமினான். இருமி இழுத்த மூச்சு பாதியில் நின்றது. நெஞ்சுக்குள் விசில் அடித்தது. அவனுக்கு ஒருநாளும் இழுப்பு வந்ததில்லை.

மேசைக்குத் தாவினான். இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினான். காலி. அது காலி என்று அன்றைக்கே அவனுக்குத் தெரியும்.

பட்டைகளின் இடுக்கில் முகத்தைப் பதித்து வெளியே பார்த்தான். பின்வாசல் படியில் அண்ணி நின்றாள். கடைக்குப் போகவில்லை. பை காலியாகக் கையில் தொங்கியது. அவள் அவனைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறையப் பார்த்தாள். ஊருக்குப் போன ஆள் வீடு திரும்பினால் பார்ப்பதைப் போல.

"அண்ணி! கதவு… அண்ணி!"

குரல் வந்ததா என்று அவனுக்கே தெரியவில்லை. விரல் தானாகக் கண்ணாடிக்குப் போனது. மோதிரம் பட்டது.

டொக். டொக். டொக்.

அண்ணி திரும்பினாள். நேராக ஜன்னலைப் பார்த்தாள். காதைத் தொட்டுக் காட்டினாள். உதடு அசைந்தது. ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, கேட்கவும் வேண்டியிருக்கவில்லை. அந்த வாக்கியம் அவனுடையதுதான். ஒரு வருஷமாக அவளிடம் சொல்லி வந்தது. அவள் புழுதிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்ப் பின்கதவைச் சாத்திக்கொண்டாள்.

வண்டி மூலையில் திரும்பியது. பக்கவாய் ஜன்னலைப் பார்த்தபடி வந்தது. இருக்கை கனத்தில் அமுங்கியிருந்தது. புழுதிக்குள் உட்கார்ந்திருந்தவர் மூக்கைச் சுற்றி, புழுதி நாட்களில் அண்ணன் வழக்கமாகக் கட்டிக்கொள்கிற ஈரத்துண்டு. நீலம் பாரித்த நெற்றி. நிதானமான கண்.

தம்பி தட்டினான். தட்டிக்கொண்டே இருந்தான்.

ஜன்னலுக்கு நேரே வந்ததும் அவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்தார். ஒரு விரலை உயர்த்திக் காட்டினார்.