மூன்று நாற்பதுக்கு ஒரு பாட்டு

அந்த வானொலி நிலையத்தில் பழைய பாட்டுகள் மட்டும்தான் ஓடும். பாட்டுத் தேர்வு செய்யும் வேலையில் அவள் சேர்ந்த அன்று, இரண்டாம் மாடியின் கடைசி அறையை அறிவிப்பாளன் திறந்துவிட்டான். ஜன்னல் கிடையாது. சத்தத்தை உறிஞ்சும் பலகைகள் சுவரை மூடியிருந்தன. உள்ளே காலை வைத்ததுமே காது அடைத்துக்கொண்டது. பழைய தைல வாசனை வேறு.

“ரெக்கார்டு சார் ரூம்க்கா. இருபத்தாறு வருஷம் பாட்டு எடுத்தவர். போன மாசம் இங்கேயே உட்கார்ந்தபடி போயிட்டார். ஹெட்போனைக்கூட நாங்கதான் கழட்டினோம்.” அவன் குரலைத் தணித்துக்கொண்டான். “பயப்படாதீங்க, நாற்காலியை மாத்தியாச்சு.”

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

அன்று மதியம் மூன்று நாற்பதுக்கு, அவள் பட்டியலில் வைக்காத ஒரு பாட்டு ஓடியது. தேய்ந்த வயலின், அதன்மேல் ஒரு பெண் குரல். பழைய பட்டியல் ஏதாவது கலந்திருக்கும் என்றான் அறிவிப்பாளன்.

நாலு மணிக்கு ஒரு அம்மாள் போனில் வந்தாள். “ரொம்ப நன்றிம்மா. அவருக்கு உசிரான பாட்டு. கேட்டுக்கிட்டே கண்ணை மூடிட்டார்.”

“தூங்கிட்டாராம்மா?”

“இல்லம்மா.”

மறுநாள் அதே நேரம், அவள் வைக்காத இன்னொரு பாட்டு. இந்த முறை போனில் ஒரு ஆண் குரல் விம்மியது. “எங்க அக்காவோட பாட்டு மேடம். அது முடியவும், அவ மூச்சு நிக்கவும்…”

அதற்கு மேல் அவளால் கேட்க முடியவில்லை.

மூன்றாம் நாள் மூன்று மணிக்கே கம்ப்யூட்டரில் பட்டியலை வரி வரியாகப் பார்த்தாள். மூன்று நாற்பதுக்கு நேராக இருந்த பாட்டை இரண்டு முறை படித்தாள். ஷேவ் செய்யும்போது அவள் புருஷன் தினமும் பாடிக் கொலை செய்யும் பாட்டு. சேர்ந்த அன்றே அவருக்காகத் தேடிப் பார்த்திருந்தாள். நிலையத்தில் அந்தப் பாட்டே இல்லை.

அவர் ரொட்டி வேன் ஓட்டுபவர். வண்டியில் எந்நேரமும் இந்த நிலையம்தான். திரும்பத் திரும்ப போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

பாட்டை அழித்தாள்.

திரும்ப வந்தது.

அந்த இடத்தில் வேறு பாட்டை வைத்தாள். கண் எதிரே அது நகர்ந்து வழிவிட்டது.

தைல நெடி மூக்கைத் துளைத்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரும் சத்தம்.

அறையில் இருந்தது ஒரே நாற்காலி. அதில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

திரும்பவில்லை. “சார்… அவர் என் வீட்டுக்காரர் சார். வேணாம் சார்…”

காதருகே, யாரோ யோசிப்பதுபோல் ஒரு “ம்.”

மூன்று முப்பத்தொன்பது. விழுந்தடித்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு ஓடினாள். அறிவிப்பாளனைத் தள்ளிவிட்டு மெயின் சுவிட்சை இறக்கினாள். விளக்கெல்லாம் செத்தது.

“அக்கா! ஒலிபரப்பே நின்னு போச்சுக்கா!”

“நிக்கட்டும்.”

வேலை போய்விடும் என்று தெரியும். சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் பத்து நிமிஷம் நின்றாள்.

போன் அடித்தது. அவர்தான்.

“எத்தனை தடவைதான் கூப்பிடுவே? கடையில ரொட்டி இறக்கிட்டு இருந்தேன், இப்பதான் வண்டியில ஏறினேன்.”

அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. “ரேடியோ… ரேடியோவுல ஒண்ணும் வரலல்ல?”

“பாட்டு எதுவும் வரல. ஒரு பெரிய மனுஷன் பேசினார். இப்பதான், பொறுமையா.”

அறிவிப்பாளன் இருட்டில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சுவிட்ச் இன்னும் இறங்கித்தான் இருந்தது.

“என்ன… என்ன பேசினார்?”

“என் பேரைச் சொன்னாரும்மா. ‘வீட்டம்மா இன்னிக்கு வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க, உங்க பாட்டை நாளைக்கு வச்சிருக்கேன்’னார். யாரு அது, உங்க ஆபீஸ்ல புதுசா?”